107வது தெருவுல ஒரு வீடு: ஆம்ஸ்ட்ராங் மியூசியம் அக்கம்பக்கத்துக்கு என்ன பண்ணுது?

ஒரு பெரிய இசைக்கலைஞர் வாழ்ந்த வீட்டை மியூசியமா மாத்திட்டாங்கன்னா எல்லாரும் கேக்குறது உள்ள என்னென்ன வச்சிருக்காங்கன்னுதான், அவர் வாசிச்ச கருவி இருக்கா, போட்ட கோட்டு இருக்கா, உக்காந்த நாற்காலி இருக்கான்னு. வீட்டுக்கு வெளிய இருக்கிற தெருவைப் பத்தி யாரும் கேக்குறதில்ல. அந்தத் தெருவுல வாடகைக்கு இருக்கிறவங்க, காலைல ஷிப்டுக்கு ஓடுறவங்க, ஸ்கூல் விட்டு வர்ற பசங்க, இவங்களுக்கெல்லாம் இந்த மியூசியத்தால என்ன கிடைக்குது? எனக்கு ரொம்ப நாளா இதுதான் முக்கியமான கேள்வியா படுது. இதுக்கு ஓரளவுக்காவது நேர்மையான பதில் இருக்கிற இடம் நியூயார்க்ல இருக்கிற லூயி ஆம்ஸ்ட்ராங் வீடு.

நியூயார்க்ல குயின்ஸ்னு ஒரு பெரும்பகுதி, அதுக்குள்ள கொரோனான்னு ஒரு ஏரியா. அங்க 107வது தெருவுல, 34-56ங்கிற நம்பர்ல, 1910ல கட்டின ஒரு வீடு. ரெண்டு பக்கமும் அதே மாதிரி சாதாரண வீடுங்க. ஆம்ஸ்ட்ராங்னா ஜாஸ்ல எவ்வளவு பெரிய பேருன்னு சொல்ல வேண்டியதில்ல, உலகம் பூரா சுத்தி ட்ரம்பெட் வாசிச்ச மனுஷன், ஆனா 1943க்கு முன்னாடி பல வருஷமா டூர், ஹோட்டல்னே அவருக்குக் காலம் ஓடிட்டு இருந்தது. 1942ல லூசில் வில்சனைக் கல்யாணம் பண்ணிக்கிட்டார், அவங்க காட்டன் கிளப்ங்கிற நியூயார்க் நைட் கிளப்ல டான்ஸரா இருந்தவங்க, கொரோனா ஏரியா அவங்களுக்குப் பழக்கமான இடம். அவர் டூர்ல இருக்கும்போதே அவங்களே பார்த்து இந்த வீட்டை வாங்கிட்டாங்க. டூர் முடிஞ்சு டாக்ஸியில வந்து இறங்குனவருக்கு இது நம்ம வீடுன்னு நம்பவே முடியல, டாக்ஸிக்காரரைக் கொஞ்சம் நில்லுங்கன்னு சொல்லிட்டுதான் போய் பெல்லை அடிச்சார்னு அவரே பின்னாடி எழுதி வச்சிருக்கார். அன்னைக்கு உள்ள போனவர் 1971 ஜூலை 6ஆம் தேதி தூக்கத்துல இறந்து போற வரைக்கும் அந்த வீட்டை விட்டு வேற வீட்டுக்குப் போகல.

கவனிக்க வேண்டியது இந்த இடத்தைத்தான். அவர்கிட்ட காசு இருந்தது. 50கள்லயும் 60கள்லயும் பெரிய பங்களா வாங்கிட்டு ஊருக்கு வெளிய போறது அந்த மாதிரி நட்சத்திரங்களுக்கு ரொம்ப சகஜம். லூசிலே ஒரு கட்டத்துல வேற பெரிய வீடு பார்க்கலாம்னு நினைச்சிருக்காங்க, ஆனா ஆம்ஸ்ட்ராங் அசையல. பேட்டிகள்ல கேட்டப்ப எல்லாம் அவர் சொன்னது, நாங்க இந்த பிளாக்ல எங்க ஆளுங்களோட இருக்கோம், போர்ட்டோ ரிக்கோகாரங்க, இத்தாலிக்காரங்க, யூதர்கள்னு எல்லாரும் இருக்காங்க, பங்களா வச்சுக்கிட்டு என்ன பண்றதுங்கிற அர்த்தத்துலதான். கறுப்பின மக்கள் சொந்தமா வீடு வாங்க முடிஞ்ச ஏரியாக்கள் அந்தக் காலத்துல நியூயார்க்லயே கம்மி, கொரோனாவும் பக்கத்துல இருக்கிற ஈஸ்ட் எல்ம்ஹர்ஸ்டும் அதுல சிலது, அதனாலதான் டிஸ்ஸி கில்லஸ்பி, எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட், கேனன்பால் ஆடர்லின்னு ஒரு பெரிய ஜாஸ் கூட்டமே அந்தச் சுத்துவட்டாரத்துல குடியிருந்தது. கில்லஸ்பி வீடு அடுத்த தெருவுலயே இருந்தது.

வீட்டு முகப்பை செங்கல் வச்சு மாத்தலாம்னு கடைசி காலத்துல முடிவு பண்ணினப்ப, நம்ம வீடு மட்டும் பளபளன்னு இருந்தா தெருவுல இருக்கிறவங்க என்ன நினைப்பாங்களோன்னு ஆம்ஸ்ட்ராங்குக்குக் கவலை வந்ததாம், அதனால பக்கத்து வீட்டுக்காரங்களுக்கும் என் செலவுலயே செங்கல் வச்சுத் தர்றேன்னு கேட்டாராம். இது மியூசியம் தரப்புல ரொம்ப நாளா சொல்லிட்டு வர்ற கதை. எனக்கு அதுல பிடிச்சது அவரோட தாராள மனசை விட அந்தக் கூச்சம்தான், தெருவுக்கு மேல நம்ம தனியா எழும்பி நிக்கக்கூடாதுங்கிற ஒரு கூச்சம்.

அவங்களுக்குக் குழந்தைங்க இல்ல. ஆனா வாசப்படியில ட்ரம்பெட்டோட உக்காந்து ரெண்டு பக்கமும் தெருப் பசங்களை வச்சுக்கிட்டு இருக்கிற மாதிரி அவரோட போட்டோ இருக்கு, ரொம்ப பிரபலமான படம், பார்த்திருப்பீங்க. டூர் முடிஞ்சு பஸ் வந்து நின்னா பசங்க ஓடி வந்து பெட்டியெல்லாம் தூக்கிட்டு உள்ள கொண்டு போய் வைப்பாங்க, அப்புறம் அவரோட உக்காந்து டிவில கௌபாய் படம் பார்ப்பாங்க. 1967ல அவர் பாடின ‘வாட் எ வொண்டர்ஃபுல் வேர்ல்ட்’ பாட்டை உலகம் ஏதோ பொதுவான நம்பிக்கைப் பாட்டா எடுத்துக்கிச்சு, ஆனா அவருக்கு அது ரொம்ப குறிப்பான பாட்டு. இதைப் பாடும்போது எனக்கு கொரோனாவுல நான் இருக்கிற பிளாக்தான் ஞாபகம் வருது, அங்க மூணு தலைமுறைப் பசங்க வளர்றதை நாங்க பார்த்துட்டோம்னு அவரே சொல்லியிருக்கார். எழுதினது வேற ஆளுங்கதான், ஆனா பாடினவர் மனசுல இருந்தது 107வது தெரு.

இதுக்கு எதிர்ப்பக்கத்தையும் பார்க்கணும். ஆம்ஸ்ட்ராங் பிறந்தது நியூ ஆர்லியன்ஸ்ல, 1901ல, ரொம்ப ஏழ்மையான ஏரியா. அவர் பிறந்த அந்தச் சின்ன வீட்டை 1964ல இடிச்சுட்டாங்க, போலீஸ், கோர்ட் கட்டிடங்களுக்காக அந்த ஏரியாவையே வழிச்சுட்டாங்க. அவர் சின்னப் பையனா வேலை பார்த்த கார்னோஃப்ஸ்கி குடும்பத்தோட கடைக் கட்டிடம் ரொம்ப வருஷம் பாழடைஞ்சு கிடந்து 2021ல ஐடா புயல்ல சரிஞ்சு விழுந்துடுச்சு. பிறந்த ஊர்ல அவர் பேர்ல பார்க் இருக்கு, ஏர்போர்ட் இருக்கு, ஆனா அவர் கால் பட்ட வீடு இல்ல, அந்தத் தெருவும் இல்ல. கறுப்பரும் வெள்ளையரும் கலந்த பேண்டு மேடையேறக் கூடாதுன்னு 1956ல லூசியானாவுல சட்டம் வந்தப்ப, அப்படின்னா நான் வரலன்னு 1965 வரைக்கும் அந்த ஊர்ல வாசிக்காம இருந்தவர் அவர். பேர் வைக்கிறதுக்கும் இடத்தைக் காப்பாத்துறதுக்கும் உள்ள வித்தியாசம் அந்த ஊரைப் பார்த்தா தெரியும்.

கொரோனாவுல வீடு தப்பிச்சதுக்குக் காரணம் லூசில். கணவர் போனப்புறம் 12 வருஷம் அங்கயே தனியா இருந்தாங்க, வீட்டை அப்படியே வச்சிருந்தாங்க, 1976ல அது தேசிய வரலாற்றுச் சின்னமா அறிவிக்கப்பட்டுச்சு. 1983ல அவங்க இறந்தப்ப வீடு நியூயார்க் நகரத்துக்குப் போச்சு. நடத்துற பொறுப்பு குயின்ஸ் காலேஜுக்கு வந்தது. ஆனா உடனே கதவு திறக்கல. 1991ல மைக்கேல் காக்ஸ்வெல்ங்கிறவரை வேலைக்கு எடுத்து, பெட்டி பெட்டியா கிடந்த டேப், கடிதம், போட்டோ எல்லாத்தையும் பட்டியல் போடச் சொன்னாங்க, 1994ல காலேஜ் லைப்ரரில ஆர்கைவா, அதாவது ஆவணக் காப்பகமா திறந்தாங்க, வீடு மியூசியமா திறந்தது 2003 அக்டோபர்ல. லூசில் போய் 20 வருஷம். அவ்வளவு நாள் ஒரு வீடு பூட்டிக் கிடந்தா பொதுவா என்னாகும்னு நமக்குத் தெரியும், இது பிழைச்சது, அப்புறம் அங்க யாரும் குடிவரல, அதனால உள்ள எதுவும் மாறல.

உள்ள என்ன இருக்குன்னு ஒரு பார்வை பார்த்துடலாம், ஏன்னா அது தெருவோட சம்பந்தப்பட்டது. சமையலறை முழுக்க பளிச்சுன்னு நீலக் கலர் கேபினெட், அதுல ஆறு பர்னர் அடுப்பு, அந்த அடுப்பு மேலயே திரு, திருமதி ஆம்ஸ்ட்ராங்குக்காகச் செஞ்சதுன்னு கம்பெனி பொறிச்சு வச்சிருக்கு, மிக்ஸியை மேடைக்குள்ளயே பதிச்சிருக்காங்க. பாத்ரூம்ல பளிங்கு, தங்க முலாம் போட்ட குழாய். அலமாரிக்குள்ள கூட வால்பேப்பர். லூசிலோட ரசனை அது. மாடில அவரோட டென், அதாவது அவரோட தனி ரூம், அங்கதான் டேப் ரெக்கார்டரை வச்சுக்கிட்டு அவர் உலகத்தையே ரெக்கார்ட் பண்ணிட்டு இருந்தார், சுவத்துல பாடகர் டோனி பென்னட் வரைஞ்ச அவரோட ஓவியம் தொங்குது. சுமார் 650 ரீல் டேப், அதுல நிறைய டேப் பெட்டிங்க மேல பேப்பர்ல, போட்டோல இருந்து வெட்டி ஒட்டி அவரே பண்ணின கொலாஜ். கைடோட நீங்க ரூம் ரூமா போகும்போது அந்தந்த இடத்துக்குப் பொருத்தமா அந்த டேப்ல இருந்து ஒரு துண்டைப் போட்டுக் காட்டுவாங்க, அவர் ட்ரம்பெட் பழகுறது, சாப்பாட்டு மேஜையில பேசுறது, நண்பர்களோட சிரிக்கிறது. மேடைல கேட்ட குரல் இல்ல, வீட்டுக்குள்ள கேட்ட குரல். ஒரு கறுப்பின தம்பதி உழைச்ச காசுல ஒரு சாதாரணத் தெருவுல எப்படி வாழ ஆசைப்பட்டாங்க, எதை அழகுன்னு நினைச்சாங்கன்னு அந்த அளவுக்கு நெருக்கமா காட்டுற இடம் அமெரிக்காவுல அதிகம் இல்ல. அங்க வாழ்ற ஜனங்களுக்கு அது அந்நியமா தெரியாது, பெரிய அரண்மனை மியூசியத்துல ஏற்படுற அந்தத் தயக்கம் இங்க வராது.

சரி, இப்ப சிக்கலுக்கு வருவோம். குடியிருப்புத் தெருவுல மியூசியம் நடத்துறது லேசான வேலை இல்ல. வீட்டுக்குள்ள ஒரு நேரத்துல ஒரு சின்னக் குழுதான் போக முடியும், அதுவும் கைடோடதான், வால்பேப்பரும் கார்பெட்டும் தாங்கணும் இல்லையா. வாசல்ல டூரிஸ்ட் பஸ் வரிசையா நின்னா பக்கத்து வீட்டுக்காரர் காரை எங்க நிறுத்துவார்? திறந்தப்ப தனி இடம் இல்லாததால வீட்டோட கராஜைத்தான் டிக்கெட் கவுண்டரும் கடையுமா மாத்தினாங்க. வீட்டை ஒட்டின சின்னத் தோட்டம், ஆம்ஸ்ட்ராங் தம்பதி பக்கத்து மனையை வாங்கிப் போட்டது, அங்க கோடையில கச்சேரி வச்சாங்க, ஜூலை 4ஆம் தேதி பிறந்தநாள் கொண்டாட்டமும் நடத்தினாங்க, அவர் உயிரோட இருந்த வரைக்கும் தன்னோட பிறந்தநாள் அதுதான்னு நம்பினவர், உண்மையான தேதி ஆகஸ்ட் 4ன்னு அப்புறம்தான் ஞானஸ்நானப் பதிவுல கண்டுபிடிச்சாங்க. தோட்டக் கச்சேரிங்கிறது தெருவுக்கே கேக்குற கச்சேரி, அது நல்ல விஷயம், ஆனா எத்தனை பேர் உக்கார முடியும், மழை வந்தா என்ன பண்றது, ஸ்கூல்ல இருந்து ஒரு முழு வகுப்பு வந்தா எங்க நிறுத்துறதுங்கிற கேள்வியெல்லாம் தீரவே இல்ல. வீட்டைக் காப்பாத்தணும்னா கூட்டத்தைக் குறைக்கணும், தெருவுக்குப் பயன்படணும்னா கூட்டத்தைச் சேர்க்கணும், ரெண்டும் ஒரே கட்டிடத்துல நடக்காது.

அதுக்குத்தான் எதிர்த்தாப்புல லூயி ஆம்ஸ்ட்ராங் சென்டர். காலியா கிடந்த மனை. பூமி பூஜை மாதிரி மண்ணைத் தோண்டி ஆரம்பிச்சது 2017ல, திறந்தது 2023 ஜூலையில. 14,000 சதுர அடி, செலவு சுமார் 2.6 கோடி டாலர், பெரும்பாலும் அரசாங்கப் பணம். கேப்பிள்ஸ் ஜெஃபர்சன்ங்கிற ஆர்க்கிடெக்ட் ஆபீஸ் டிசைன் பண்ணினாங்க, வளைஞ்சு போற கண்ணாடி முகப்பு, பித்தளை நிறம், ஆனா உயரத்தை ரெண்டு மாடியோட நிறுத்திட்டாங்க. எதிர்வீட்டை மறைக்கல, தெருவை அமுக்கல. அந்தச் செங்கல் கதையில இருந்த கூச்சம் இந்தக் கட்டிடத்துலயும் கொஞ்சம் இருக்குன்னு எனக்குத் தோணுது. உள்ள பியானோ கலைஞர் ஜேசன் மோரன் உருவாக்கின கண்காட்சி, அப்புறம் 75 பேர் உக்கார்ற ஒரு கச்சேரி ரூம்.

ஆனா எனக்கு அந்தக் கட்டிடத்துல பெரிய விஷயமா படுறது ஆர்கைவ்தான். 60,000 பொருள் இருக்குன்னு சொல்றாங்க, 1994ல இருந்து அது காலேஜ் கேம்பஸ்ல இருந்தது. ஆராய்ச்சி பண்றவங்க போவாங்க, பார்ப்பாங்க, எழுதுவாங்க. கொரோனாவுல இருக்கிற ஒரு அம்மா பையனைக் கூட்டிட்டு அங்க போக மாட்டாங்க, அது அவங்க போற இடம் இல்ல. நடுவுல 27 லட்சம் டாலர் மானியத்துல எல்லாத்தையும் டிஜிட்டல் பண்ணினாங்க, 2018ல முடிஞ்சது, அதனால உலகத்துல எங்க இருந்தும் பார்க்கலாம்னு ஆச்சு, அதுவும் பெரிய காரியம்தான். ஆனா அசல் பொருட்கள் திரும்ப 107வது தெருவுக்கே வந்தது 2023ல. அவர் கத்திரிக்கோலும் டேப்பும் வச்சு கொலாஜ் பண்ணின ரூம்ல இருந்து ரோட்டைக் கடந்தா அந்த கொலாஜ் இருக்கு. ஒரு ஏரியாவோட ஞாபகத்தை வேற இடத்துல கொண்டு போய் பத்திரப்படுத்துறது ஒரு வகை, அந்த ஏரியாவுக்குள்ளயே வைக்கிறது வேற வகை. முதலாவதை எல்லா நாட்டுலயும் பண்றாங்க. ரெண்டாவதுக்குக் காசும் பொறுமையும் ஜாஸ்தி வேணும்.

பக்கத்து வீட்டு செல்மா ஹெரால்டோ பத்திச் சொல்லாம இருக்க முடியாது. ஆம்ஸ்ட்ராங் வீட்டுக்கு அடுத்த வீட்டுல வாழ்நாள் முழுக்க இருந்தவங்க, லூசிலோட சிநேகிதி. ஆம்ஸ்ட்ராங் கடிதத்துல கையெழுத்துக்கு முன்னாடி சிவப்பு பீன்ஸும் சோறும்னு தன் ஊர்ச் சாப்பாட்டு பேரைப் போட்டு முடிக்கிற ஆளு, அந்தச் சாப்பாட்டை அந்த வீட்டுல சாப்பிட்ட அனுபவத்தைச் சொல்ல மியூசியத்துக்கு இருந்த சாட்சி செல்மா. விசிட்டர்ஸ் வந்தா அவங்களே வந்து பேசுவாங்க. 2011ல இறந்தப்ப தன் வீட்டை மியூசியத்துக்கு எழுதி வச்சுட்டுப் போனாங்க. நகரம் வாங்கல, யாரும் காலி பண்ண வைக்கல, பக்கத்து வீட்டுக்காரம்மாவே கொடுத்தது. ஒரு மியூசியம் அக்கம்பக்கத்தோட நல்லா பழகுதான்னு அளக்க விசிட்டர் கணக்கை விட இது நல்ல அளவுன்னு நான் நினைக்கிறேன்.

ஆனா செல்மாவோட தலைமுறை போயிடுச்சு, கொரோனாவும் மாறிடுச்சு. இப்ப அங்க பெரும்பாலும் ஸ்பானிஷ் பேசுற குடும்பங்கள், ஈக்வடார், மெக்சிகோ, டொமினிகன் ரிபப்ளிக், கொலம்பியான்னு பல நாட்டுக்காரங்க. கட்டிட வேலை, ஹோட்டல் கிச்சன், வீட்டு வேலைன்னு நகரத்தையே தூக்கி நிறுத்துற ஜனங்க. 2020ல கோவிட் தொற்று வந்தப்ப நியூயார்க்லயே ரொம்ப அதிகமா உயிர் போன ஏரியாக்கள்ல அதுவும் ஒண்ணு, வீட்டுல உக்காந்து வேலை பார்க்க முடியாதவங்க, ஒரே வீட்டுல நெருக்கியடிச்சு இருக்கிறவங்க. இவங்களுக்கு ஆம்ஸ்ட்ராங் யாரு? பக்கத்துல பிஎஸ் 143ன்னு ஒரு ஆரம்பப் பள்ளி, அதுக்கு அவர் பேருதான், அங்க படிக்கிற பிள்ளைக்கு அது ஸ்கூல் பேரு, அவ்வளவுதான் ஆரம்பத்துல. பேரைத் தாண்டி அந்தப் பிள்ளைக்கு ஏதாவது போய்ச் சேரணும்னா அதுக்கு ஸ்கூல் குழுக்கள் வரணும், ட்ரம்பெட்டைக் கிட்டத்துல பார்க்கணும், அந்த 75 சீட் ரூம்ல அந்தப் பிள்ளையும் ஒரு நாள் ஏறி வாசிக்கணும். வெளியூர் ஜாஸ் ரசிகருக்கு மட்டும் அந்த ரூம் நிரம்பினா கட்டிடம் நல்லா இருக்கும், தெருவுக்கு அது சம்பந்தமில்லாத இடமாயிடும். குடிபெயர்ந்து வந்து கையூன்றி நின்ன ஒரு ஆளோட வீடு அதுன்னு சொன்னா போதும், அங்க இருக்கிற எந்தக் குடும்பத்துக்கும் விளக்கம் தேவைப்படாது, ஆம்ஸ்ட்ராங்கும் வெளியூர்ல இருந்து வந்தவர்தானே.

பண விஷயத்துல மிகைப்படுத்த வேண்டாம். மியூசியம் வந்தா ஏரியா பொருளாதாரம் எழும்பிடும்னு சொல்றவங்க இருக்காங்க, இந்த அளவு வீட்டுக்கு அது நடக்காது. சின்னக் குழுவா வர்றாங்க, பார்க்கிறாங்க, திரும்பிப் போறாங்க. வாடகை ஏறுற அளவுக்கு இந்த மியூசியம் கூட்டத்தை இழுக்காததும் ஒரு வகையில நல்லதுதான், ஏன்னா அழகான மியூசியம் வந்து அங்க இருந்தவங்களே வெளிய போக வேண்டி வந்த ஏரியாக்கள் உலகத்துல நிறைய.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு உறுத்திட்டே இருக்கு. மியூசியத்துக்கு 7ஆம் நம்பர் ட்ரெயின்ல வந்தா 103வது தெரு ஸ்டேஷன்ல இறங்கணும், கீழ கொரோனா பிளாசா, தமாலே (சோள மாவுல பண்ணி அவிக்கிற பண்டம்), பழம், துணி, செடின்னு தள்ளுவண்டியும் மடக்கு மேஜையுமா தெருக்கடைங்க. நிறைய பேர் பெண்கள், வேலை போன தொற்றுக் காலத்துல கடை போட ஆரம்பிச்சவங்க. 2023 ஜூலை ஆரம்பத்துல எதிர்வீட்டு சென்டரைத் திறந்தாங்க, அதே ஜூலை கடைசில நகராட்சி லைசென்ஸ் இல்லன்னு பிளாசாவுல இருந்த கடைங்களைக் காலி பண்ண வச்சது. போராட்டம் நடந்து, அப்புறம் ஒழுங்குபடுத்தி ஒரு சின்ன எண்ணிக்கையை மட்டும் திரும்ப அனுமதிச்சாங்க. நியூ ஆர்லியன்ஸ்ல ஏழெட்டு வயசுல ஆம்ஸ்ட்ராங் பார்த்த வேலை என்ன தெரியுமா, கார்னோஃப்ஸ்கி குடும்பத்தோட பழைய சாமான் வண்டியில உக்காந்து ஜனங்களைக் கூப்பிட ஒரு தகர ஊதியை ஊதுறது, ராத்திரியில கரி வண்டியோட போய் விக்கிறது. அவரும் தெரு வியாபாரிதான், ஊதப் பழகினதே வண்டி மேல உக்காந்துதான். அந்த ஊதியோட கதையை மியூசியத்துக்குள்ள சொல்லும்போது வெளிய பத்து நிமிஷ நடையில இருக்கிற பிளாசா அம்மாக்களையும் உள்ள கூப்பிட்டுப் பேச வைக்கலாம், அவங்க மொழியிலயே. அதனால நீங்க எப்பவாவது அங்க போனா டாக்ஸில நேரா வீட்டு வாசல்ல போய் இறங்காதீங்க, ட்ரெயின்ல போங்க, பிளாசாவுல இறங்கி ஒரு தமாலே வாங்கிச் சாப்பிட்டுட்டு ரூஸ்வெல்ட் அவென்யூல இருந்து 107வது தெரு வரைக்கும் நடந்து போங்க, டிக்கெட் காசு மியூசியத்துக்குப் போகும், தமாலே காசு அந்த ஏரியாவுல ஒரு வீட்டுக்குப் போகும்.